அதிகம் திறந்த நினைவு

அப்பாவின் கருமாதியன்று தாய்மாமன் தன் நினைவுத்தகட்டை நீட்டியபோது கோமதி அதைச் சோதித்திருக்க வேண்டும். தகட்டுக்கிருமிகளை ஒழிப்பதுதான் அவளுடைய உத்தியோகமே.

தலையை நம்பி வாழ்ந்த காலம் மலையேறிவிட்டது. காதுக்குப் பின்னால் செருகிய தகட்டில் இருந்தால்தான் நினைவு. துக்க வீட்டில் எல்லோரும் தகட்டைக் கழற்றி தகடு படிக்கும் ஒரே கருவியில் வரிசையாகப் போட்டு, இறந்தவரைப் பற்றித் தெரிந்ததைக் கொடுத்து, பிறர் கொடுத்ததை எடுத்துக்கொள்வார்கள். முதல் தகடு தாய்மாமனுடையது. அதைச் சோதித்தால் உறவே அறுந்துபோகும். கோமதி வாயை மூடிக்கொண்டாள்.

மாமா ஒரு பகிர்தளத்திலிருந்து பழைய பாட்டுகளை ஓசியில் இறக்கியிருந்தார். கிருமியும் கூடவே இறங்கியிருந்தது. அது தொட்ட தகட்டிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நாள், அதிகம் திறக்கப்பட்ட நினைவு யாரைப் பற்றியதோ அந்த ஆளையே வேரோடு தின்றுவிடும். துக்கத்தில் இருப்பவர்கள் வேறு எதைத் திறப்பார்கள்? கருமாதிக்கு வந்த நாற்பத்திரண்டு பேரிடமிருந்தும் ஆவுடையப்பன் ஒரே காலையில் போய்விட்டார். மாலை போட்ட படத்தின் கீழே பெயரையும் 'எங்கள் தந்தை' என்றிருந்ததையும் படித்துத்தான் அவர் தன் அப்பா என்று கோமதி தெரிந்துகொண்டாள்.

தம்பி சுடலைமணிக்கு மட்டும் யாரும் கருமாதிக்குச் சொல்லவில்லை. எட்டு வருஷப் பகை. ஏன் என்பது அவளுக்கு இப்போது நினைவில்லை. ஆனால் அவன் தகடு தப்பியிருக்கும். வெற்றுத்தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் பேருந்து ஏறினாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் காதுக்குப் பின்னாலிருந்த தகட்டைத் தடவினான்.

"மத்ததெல்லாம் கோவத்துல அன்னைக்கே அழிச்சிட்டேன்க்கா. ஒண்ணே ஒண்ணுதான் கெடக்கு. தெனமும் அதத்தான் போட்டுப் பாக்கேன்."

"அது போதும்டா. குடு."

வெற்றுத்தகட்டில் பிரதி எடுத்துக் கொடுத்தான். பிறகு கையை நீட்டினான். "இப்ப உன் தகட்டக் குடு."

"கிருமி இருக்குன்னு சொன்னேன்லா? அப்பா உனக்கு மொத்தமா போயிருவாரு."

"எட்டு வருசமா தூங்கலக்கா. தின்னுட்டுப் போட்டும்."

ஊரெல்லாம் கிருமியை ஒழித்தவள் தன் கையாலேயே தகட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் அதைத் தன் தகட்டோடு சேர்த்துப் போட்டு எடுத்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

திரும்பும் பேருந்தில் அவன் தந்ததைக் கிருமி தொடாதபடி கைத்திரையில் போட்டாள். மாலை போட்ட படத்தில் மட்டுமே அவள் பார்த்திருந்த முதியவர், "இனி இந்த வாசப்படிய மிதிக்காத!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் பின்னாலிருந்து ஒருத்தி வந்தாள். தம்பியின் பையைத் தெருவில் வீசினாள், கதவைச் சாத்தினாள். அது கோமதி.

அப்பாவின் முகம் வேண்டுமென்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். அடுத்த நான்கு நாளும் பார்த்தாள்.

நான்காம் நாள் தம்பி கூப்பிட்டான். குரலில் இத்தனை வருஷம் கேட்காத தெளிவு.

"அக்கா, நல்லாருக்கியா? நாம ஏன்க்கா எட்டு வருசமா பேசிக்கிடல? யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், ஒண்ணும் புடிபடல. உனக்காவது தெரியுமா?"