கார் படத்தில் ஒரு ஜன்னல்

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தாஜுதீன் கடை இருந்தது. படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை. 1958-இல் அங்கே அவரும் மகள் சுராயாவும் மட்டும்தான். வேலை நேரத்தில் அவர் பேச மாட்டார். மற்ற நேரத்திலும் அதிகம் பேச மாட்டார்.

அந்த வருஷம் கொள்ளிடக் கரையில் ஒரு ஜமீன் பங்களாவை விற்றார்கள். கணக்குக் கட்டுகள் மளிகைக் கடைகளுக்குப் பொட்டலம் மடிக்கப் போயின. போட்டோப் பெட்டிகள் தாஜுதீனிடம் வந்தன. அந்தக் காலத்து நெகடிவ் எல்லாம் கண்ணாடி. சோடா கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டுச் சுரண்டினால் படம் போய்விடும். நல்ல கண்ணாடி மிஞ்சும்.

பள்ளி விட்டு வந்ததும் சுரண்டுவது சுராயாவின் வேலை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முகமெல்லாம் கறுப்பு, மீசையெல்லாம் வெள்ளை. பேய்க் கூட்டம் என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் கரியேறிய இரும்புச் சட்டியில் போட்டுச் சாய்த்தால், ஒரு நொடி மனித முகங்களாகிவிடும். பிறகு கரைந்து போகும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யாரும் இல்லை.

ஒரு சனிக்கிழமை அவள் வயதுப் பையன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். பெயர் அழகிரி. அந்த ஜமீன் வீட்டுப் பையன். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறானாம். வீட்டை விற்றதே விற்ற பிறகுதான் அவனுக்குத் தெரிந்ததாம். பங்களா வாட்ச்மேன் இந்தக் கடையை அடையாளம் சொன்னாராம்.

"எங்க அம்மா படம் இருக்கான்னு பாக்கணும். நான் பொறந்த கொஞ்ச நாள்ல செத்துட்டாங்க. முகம் தெரியாது."

தாஜுதீன் தலை நிமிரவில்லை. முக்கால்வாசி கழுவியாயிற்று, ஒரு பெட்டிதான் மிச்சம், அந்தக் கண்ணாடியும் நாளைக்குச் சட்டம் போட வேண்டும் என்றார். பார்ப்பதானால் இப்போதே பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அழகிரி ஒரு கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "எங்க தாத்தாவா இது? கரிமூட்டைக்கு மீசை வெச்ச மாதிரி இருக்காரு."

சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. இப்படி இருந்தால் அம்மாவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று முனகினான்.

சுராயா சட்டியிலிருந்த சோடாத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள். ஈரம் போகத் துடைத்தாள். கண்ணாடியை உள்ளே வைத்து வாசல் பக்கம் சாய்த்தாள்.

"இப்பப் பாரு."

தாத்தா வெளுத்தார். மீசை கறுத்தது.

ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். குதிரை, நெல் மூட்டைகள், தலைப்பாகை கட்டிய விருந்தாளிகள். எல்லாரும் ஆண்கள்.

"உங்க வீட்ல பொம்பளைங்களே இல்லையா?"

"இருந்தாங்க. போட்டோவுக்கு நிக்க விடமாட்டாங்களாம்."

கடைசிக் கண்ணாடியில் ஒரு புது கார். சுற்றிலும் ஆட்கள். அழகிரி அதைப் பெட்டியில் வைக்கப் போனான். சுராயா விடவில்லை. காரையும் ஆட்களையும் விட்டுவிட்டு மூலை மூலையாகத் தேடினாள்.

"மாடியப் பாரு. ஜன்னல்ல யாரோ நிக்கிறாங்க."

கம்பிக்குப் பின்னால் ஒரு பெண். படம் எடுக்கும்போது அசைந்துவிட்டாள் போலிருக்கிறது. முகம் கலங்கியிருந்தது. கை மட்டும் தெளிவாக இருந்தது. கையில் ஒரு குழந்தை.

அழகிரி சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது அம்மாவின் அறை என்றான். கார் அவன் பிறந்த வருஷம் வாங்கியது. அப்போது வீட்டில் வேறு குழந்தை கிடையாது.

"முகம் சரியா விழலியே," என்றாள் சுராயா.

"பரவாயில்ல. எங்கம்மா என்னைத் தூக்குனதே இல்லன்னு சித்தி சொல்லியிருந்தாங்க."

தாஜுதீன் எழுந்து வந்தார். சட்டிக்குள் பார்த்தார். பிறகு அந்தக் கண்ணாடியை எடுத்துப்போய், பின்னால் கறுப்புக் காகிதம் வைத்து, மீந்து கிடந்த சட்டத்தில் பொருத்தினார்.

"மத்ததையும் கழுவ வேணாம் அத்தா," என்றாள் சுராயா.

"அதைப் பாக்க யாரு வரப்போறா?"

"இவன் வருவான். தாத்தா இங்கதான இருக்காரு."

அடுத்த சனிக்கிழமை வருவதாக அழகிரி சொன்னான். தாஜுதீன் பெட்டியை மேல் பலகையில் தூக்கி வைத்தார்.

அழகிரி படத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டே சந்தில் நடந்தான். எதிரே வந்த வெங்காய வண்டியில் போய் முட்டிக்கொண்டான். வண்டிக்காரர் திட்டித் தீர்த்தார். அவன் காதில் ஒன்றும் விழவில்லை.