ஷாமளாவின் நல்ல தூக்கம்

அந்தக் குரலை ஷாமளா அதற்குமுன் கேட்டதாக நினைவே இல்லை. ஆனாலும் கதவுக்கு அப்பால் யாரிடமோ அது, "சரி, தலையத் திருப்பலாம்" என்று சொன்னபோது, தள்ளுகட்டிலில் படுத்திருந்த அவளுடைய தொடைகள் தாமாகவே நடுங்கத் தொடங்கின.

"யாருங்க அது?"

அவள் கணவன் ரூபேந்திரன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "செல்வா. ஆப்பரேஷன் ரூம்ல வேலை செய்றவரு."

"அவர் குரல எங்கயோ கேட்டிருக்கேன்."

"எங்க கேட்டிருப்ப? நீ தூங்குன பிறகுதான உள்ள வருவாரு." சொல்லிவிட்டு அவள் போர்வையைச் சரிசெய்தான். வெகுநேரம் சரிசெய்துகொண்டே இருந்தான்.

மலேசியாவின் மாசாய் ஊரில் ஒரு பாலர் பள்ளியில் ஷாமளா ஆசிரியை. அவளுடைய குரல்நாண்களில் மரு மாதிரி ஏதோ வளர்ந்தது. வெட்டினாலும் சில மாதங்களில் திரும்ப வளரும். முதலில் குரல் கம்மும், பிறகு மூச்சு விசில் அடிக்கும். அப்புறம் இந்த ஜோகூர் பாரு மருத்துவமனை, மயக்க மருந்து, லேசர். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அவளுக்கு எதுவும் தெரிந்ததில்லை. ஆனால் போன மாதம் விளையாட்டில் ஒரு குழந்தை பின்னாலிருந்து அவள் கண்களைப் பொத்தியபோது, அவள் கத்தவும் முடியாமல், நின்ற இடத்திலேயே சிறுநீரில் உடை நனைய நின்றாள். ஏன் என்று அவளுக்கே புரியவில்லை.

"பயமா இருக்குங்க."

"நான் வெளியிலதான இருக்கேன், ஷாமா. ஒன்னும் தெரியாது லா. நல்லாத் தூங்குவ."

உள்ளே குளிர். ஸ்பிரிட் வாசனை. மயக்க மருந்து டாக்டர் மனோகரன் அன்பானவர். டிரிப்பில் எதையோ ஏற்றிவிட்டு, "இது மனசை லேசாக்கும்" என்றார். உலகம் பஞ்சாயிற்று. ரப்பர் வாசனையோடு முகமூடி இறங்கியது. பால்போன்ற மருந்து கையை எரித்துக்கொண்டு ஏறியது. முதலில் நாக்கு அவளுடையதாக இல்லாமல் போனது. ஈரத்துணி மாதிரி வழுக்கிப் பின்னால் விழுந்தது. தொண்டையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நெஞ்சு இழுத்தது, காற்று வரவில்லை. ஒரு குறட்டை. பிறகு அதுவும் இல்லை. யாரோ இரண்டு விரல்களால் தாடையைத் தூக்கினார்கள், காற்று பாய்ந்தது. அப்புறம் இருட்டு.

இருட்டுக்குள் சத்தம் கேட்டது.

புஸ்... புஸ்... ஒரு இயந்திரம் மூச்சு விட்டது. ஒவ்வொரு முறையும் அவளுடைய நெஞ்சு உயர்ந்தது. அவள் உயர்த்தவில்லை. வாய்க்குள் ஏதோ விறைப்பாக, தொண்டையைக் கடந்து, இன்னும் கீழே போயிருந்தது. கண்களைத் திறக்க முயன்றாள். இமைகளின்மேல் டேப். விரலை அசைத்தாள். அசையவில்லை. சுண்டுவிரல். இல்லை.

"சரி, தலையத் திருப்பலாம்."

அந்தக் குரல்.

கழுத்து பின்னுக்கு மடங்கியது. இரும்பு ஒன்று நாக்கை அழுத்தி, பல்லில் இடித்து உள்ளே இறங்கியது. பிறகு லேசரின் சடசடப்பு. சூடு. அவளுடைய சதை கருகும் ஓசை. வாசனை மட்டும் இல்லை, மூச்சுதான் மூக்கு வழியாகப் போகவில்லையே.

"டாக்டர், இதயத் துடிப்பு ஏறுது. டேப்புக்கு அடியில கண்ணீர் வேற. முழிச்சுட்டாங்க."

"எப்பவும் முழிக்கிறவங்கதான, செல்வா." டாக்டர் மனோகரனின் அதே அன்பான குரல்.

"மருந்தக் கூட்டவா?"

"வேணாம். முதல் தடவ முழுசாக் கொடுத்தோம். முடிஞ்ச பிறகு தொண்டை மூடிக்கிச்சு, மூச்சே திரும்பல. இந்த அளவுதான் பத்திரம். அசையாம இருக்க ஒரு ஊசி, மறக்க ஒரு ஊசி, ரெண்டும் போட்டாச்சு. எதுவும் மனசுல நிக்காது."

"அவங்களுக்கு இது தெரியுமா, டாக்டர்?"

"புருஷனுக்குத் தெரியும். அவருதான் சொல்ல வேணாம்னாரு. தெரிஞ்சா அடுத்த தடவ வர மாட்டாங்களாம்."

சடசடப்பு மறுபடி தொடங்கியது.

அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும். கையைப் பிடித்து, நல்லாத் தூங்குவ என்று சொன்னபோதும். தெரியும்.

கத்தினாள். இயந்திரம் புஸ் என்றது.

மறக்கக்கூடாது. இதை மட்டும் மறக்கக்கூடாது. அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும். அவருக்கு... யாருக்கு? வலி இருந்தது. சொல் கரைந்தது. அவருக்கு. என்ன. திரும்பப் பிடித்தாள். நழுவியது. சூடு. சூடு.

யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

ஜன்னலில் வெயில். ரூபேந்திரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் முகம் மிக அருகில் வந்தது. அவன் அவளுடைய கண்களையே தேடினான்.

"ஷாமா, ஏதாவது தெரிஞ்சுச்சா?"

அவள் யோசித்தாள். வெள்ளையாக, மெத்தென்று ஒன்றுமில்லாதது மட்டும் இருந்தது.

"ஒன்னுமே தெரியலங்க," என்றாள், கம்மிய குரலில். "நல்ல தூக்கம்."

அவன் நீளமாக மூச்சு விட்டான். "டாக்டர் மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னாரு."

"வரலாம்ங்க," என்று புன்னகைத்தாள். புன்னகைத்தபடியே இருக்க, இரண்டு கண்களிலிருந்தும் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. நிற்கவில்லை. எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை.

ரூபேந்திரன் பதறவில்லை. பைக்குள் கைவிட்டு, வீட்டிலிருந்தே மடித்துக் கொண்டுவந்திருந்த சின்னத் துண்டை எடுத்தான். முதலில் இடது கண். பிறகு வலது. பிறகு காதுமடல். பழகிய கை, அவசரமே இல்லாமல் துடைத்தது. எவ்வளவு அக்கறையான மனுஷன் என்று நினைத்தபடி, அவள் தன் முகத்தை அவனிடம் காட்டிக்கொண்டு கிடந்தாள்.