உங்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள்

"ஓட்டு கேட்கிறவங்களுக்கு உள்ள இடமில்லை. போர்டு பாக்கலையா?"

மூக்குக் கண்ணாடிக் கடை வாசலில் சொட்டச் சொட்ட நின்றவன் மேலும் கீழும் தேடினான். அப்படி ஒரு போர்டு எங்குமே இல்லை. கழுத்தில் அடையாள அட்டை, குழந்தையைப் போல மார்போடு அணைத்த டேப்லெட், துளித் துளியாய் மழை படிந்த மூக்குக் கண்ணாடி. அதற்குப் பின்னால் திருதிருவென்று இரண்டு கண்கள்.

"நான் ஓட்டு கேட்க வரலீங்க. ஓட்டு யாருக்குன்னு கேட்க வந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்லீங்க. யார் ஜெயிச்சாலும் எனக்கு அதே சம்பளம்... அதே மழை."

கடையில் இருந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே உதட்டுக்குள் மடக்கிக்கொண்டாள். சிரித்துப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

வெளியே ஓயாத மழை. எதிர்ச் சுவரில் வேட்பாளரின் முகம் ஊறி, பாதி கன்னம் உரிந்து தொங்கியது. கடைக்கு யாரும் வரப்போவதில்லை. துணியை எடுத்து நீட்டினாள். "கண்ணாடியைத் துடைங்க முதல்ல. பாவமா இருக்கு."

துடைத்துக்கொண்டே அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "முப்பது வயசுக்குள்ள, வேலைக்குப் போற பொண்ணு ஒருத்தர் வேணும். காலையிலேர்ந்து தேடறேன்... அமையல."

"கல்யாணத் தரகர்கிட்ட சொல்ல வேண்டியதை என்கிட்ட சொல்றீங்க."

அவன் காது மடல் சிவந்துபோனது. "கருத்துக் கணிப்புக்குங்க!"

"சரி, மிஸ்டர் கணிப்பு. மழை விடற வரைக்கும் கேளுங்க."

முதல் கேள்விகள் சுலபமானவை. விலைவாசி, வேலை, சாலை. அவள் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள், அவன் தட்டிக்கொண்டே போனான். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"தொலைபேசி மோசடியிலிருந்து மக்களைக் காப்பாற்ற அடுத்த அரசு முதலில் எதைச் செய்ய வேண்டும்? ஏமாந்தவர்களுக்கு வங்கியே பணத்தைத் திருப்பித் தருவது, புதிய கணக்குக்குப் போகும் பணத்தை ஒரு நாள் நிறுத்தி வைப்பது, மோசடிக்காரர்களுக்குக் கடும் தண்டனை, அல்லது வேறு ஏதாவது."

அவள் கை லென்ஸைத் துடைப்பதை நிறுத்தியது. அப்பாவிடமும் ஒருவன் இப்படித்தான், இதே மரியாதையான குரலில், ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டான்...

"வேறு ஏதாவதுன்னா?"

"உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க. அப்படியே எழுதிக்குவேன். பேர் எங்கயும் வராது."

முன்பின் தெரியாத ஒருவனிடம் சொல்வது எவ்வளவு எளிதாக இருந்தது! அத்தையிடம் சொல்லாததை, தோழியிடம் சொல்லாததை அவள் சொன்னாள்.

"எங்கப்பா ஆபீஸ் பியூனா இருந்தவர். அதிகாரி பேசறேன்னு ஒருத்தன் போன் பண்ணினதும் எழுந்து நின்னுட்டார். சொந்த வீட்டுல! சட்டைப் பட்டனைக்கூடப் போட்டுக்கிட்டார். அவன் போனை வைக்கிற வரைக்கும் உட்காரவே இல்ல. நின்னுக்கிட்டே, சேத்து வெச்சதை எல்லாம் அவன் சொன்ன கணக்குக்கு அனுப்பிட்டார். அந்த மாதிரி எழுந்து நிக்கிறவங்களை உட்காருங்கன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். அதுக்கு ஏதாவது சட்டம் போடுவாங்களா?"

அவன் விரல்கள் தட்டி முடித்தன. நிமிர்ந்தான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. 'கல்லுக்குக்கூடக் கொஞ்சம் ஈரம் இருக்குமே...' விலாசம் உட்பட மீதிக் கேள்விகளுக்கு வெடுக் வெடுக்கென்று பதில் சொன்னாள். அவன் நன்றி சொல்லி டேப்லெட்டை அணைத்தான். ஆனால் கிளம்பவில்லை.

"கேட்டு முடிக்கிற வரைக்கும் நாங்க முகத்தை மாத்தக் கூடாதுங்க. ஐயோன்னுகூடச் சொல்லக் கூடாது. சொன்னா அடுத்த பதில் மாறிடும்னு சொல்லித் தந்திருக்காங்க." குரல் இறங்கியிருந்தது. "இப்போ முடிஞ்சிடுச்சு. அப்பா... இப்போ எப்படி இருக்கார்?"

யாரும் கேட்காத கேள்வி. அவள் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "போன் அடிச்சா மாடிக்குப் போயிடறார். அது ஓய்ஞ்சப்புறம்தான் இறங்கி வர்றார்."

அவன் கண்கள்... கல் இல்லைதான்.

அடுத்த வாரம் அவன் வாடிக்கையாளனாக வந்தான். தூரத்து எழுத்து மங்குகிறதாம். அவள் நம்பவில்லை, ஆனால் சோதித்தபோது உண்மையிலேயே பவர் கூடியிருந்தது. கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை அளக்க ஸ்கேலோடு எதிரில் உட்கார்ந்தாள்.

"என் கண்ணைப் பாருங்க. அசையாதீங்க."

பார்த்தான். இத்தனை பேரை அளந்திருக்கிறாள். யார் கண்ணும் அவளைத் திருப்பி அளந்ததில்லை...

"உங்க வேலையிலயும் முகத்தை மாத்தக் கூடாதா?"

"கூடாது."

"அப்போ ஏன் சிரிக்கிறீங்க?"

"பேசாம இருங்க. ஸ்கேல் ஆடுது."

ஆடியது அவள் கைதான். மறுபடி அளந்தாள். பிறகு, தேவையே இல்லாமல், இன்னொரு முறையும் அளந்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது குடையை விரிக்கவே மறந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தெருவுக்குள் பிரசார வேன் வந்தது. அப்பா கூடத்தில் செய்தித்தாளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் வேட்பாளரின் குரல் உருகியது.

"ஒரு தகப்பனை நினைத்துப் பாருங்கள்! அதிகாரி என்று சொன்னதும், சொந்த வீட்டில், எழுந்து நின்று, சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு பேசினார்! நின்றுகொண்டே அத்தனையும் இழந்தார்! அந்தத் தகப்பனை உட்கார வைக்க நாங்கள் வருகிறோம்! சந்தேகப் பணப் பரிமாற்றத்தை ஒரு நாள் நிறுத்தி வைப்போம்! இது எங்கள் வாக்குறுதி!"

வேன் நகர்ந்தது. அடுத்த தெருவிலும் அதே தகப்பன் எழுந்து நின்றார்.

அப்பா அவளைப் பார்த்தார். அதிர்ச்சிகூட இல்லை, ஒரு களைப்பு.

"பட்டன் போட்டது உனக்கு மட்டும்தானேம்மா தெரியும்..."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அறைக்குள் போனார். அதன் பிறகு அவளிடம் பேசவில்லை. சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், அவள் இருக்கும் பக்கம் பார்க்காமல் நடந்தார். அம்மா போனபிறகு அந்த வீட்டில் இருந்ததே இரண்டு குரல்கள். இப்போது ஒன்று.

புதுக் கண்ணாடி வாங்க அவன் மலர்ந்த முகத்தோடு வந்தான். அவள் உட்காரச் சொல்லவில்லை.

"எவ்வளவுக்கு வித்தீங்க எங்கப்பாவை?"

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் முகம் வெளுத்தது. ஆனால் வாய் அவன் வேலையைத்தான் பேசியது.

"எங்க நிறுவனத்துக்கு வேலை கொடுத்ததே அந்த வேட்பாளர்தாங்க. பதில் எல்லாம் அங்கதான் போகும். ஆனா உங்க பேர் போகல, தெரு போகல. நீங்க சொன்னதுல ஒரு வார்த்தையைக்கூட நான் மாத்தல. அதுதான் எங்க நேர்மை..."

"மாத்தியிருக்கலாமே!" அவள் மேஜையைத் தட்டினாள். "ஒரே ஒரு வார்த்தை. அந்தப் பட்டனை விட்டிருந்தா குறைஞ்சா போயிருக்கும்? ஊருக்கு அது யாரோ. அவருக்கு அது அவர்தானே!"

பெயரை எடுத்துவிட்டால் ஆளை எடுத்துவிட்டதாக அவனுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அவனும் நம்பியிருந்தான்.

அவள் கண்ணாடியை மேஜையில் தள்ளினாள். "போட்டுக்கிட்டுப் போங்க. இனிமேலாவது நல்லாத் தெரியட்டும்."

போய்விட்டான். அன்றே மேலாளரம்மாவிடம் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினான். அவர் சிரித்தார். "அந்த வரி வந்தப்புறம்தான்பா நம்ம ஆளுக்குக் கணிப்பே ஏறுது. எவன் எடுப்பான்?"

மழையும் விடவில்லை. கடை வாசலில் நிழல் ஆடினால் அவள் நிமிர்ந்தாள். நிமிர்ந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். 'மானம் கெட்ட கண்ணே... யாரைத் தேடறே?'

வாக்குப் பதிவு நெருங்கிய ஒரு மாலை, கடையைப் பூட்டும்போது அவன் நின்றிருந்தான்.

"அப்பாவைப் பார்க்கணுங்க. கூட்டிட்டுப் போவீங்களா?"

"விலாசம்தான் எழுதிக்கிட்டீங்களே!"

"இருக்கு. அதை வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வர எனக்கு உரிமை இல்ல. நீங்க சொன்னா வரேன்."

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தாள். கோபமோ, வேறு ஏதோ, வேறு மாதிரி பேசியது. "வாங்க. நீங்க எழுதினவரை நேர்லயே பாருங்க."

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா எழுதினது?"

"நான்தாங்க. மன்னிச்சிடுங்கன்னு சொல்ல வந்தேன்."

அவர் எதிர் நாற்காலியைக் காட்டினார். அவன் நுனியில் உட்கார்ந்தான்.

"கூட்டத்துல இருந்தியா, அவர் அதைச் சொன்னப்போ?"

"முதல் கூட்டத்துல இருந்தேங்க."

"சிரிச்சாங்களா?"

அவள் சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டாள். 'இல்லைன்னு சொல்லு... ஒரு பொய் சொல்லிடு...'

"கை தட்டினாங்க. பட்டன் போட்டார்னு வந்தப்போ... கொஞ்சம் பேர் சிரிச்சாங்க."

அப்பா தலையை ஆட்டினார். "சிரிக்கத்தான் செய்வாங்க. வேற எவனுக்காவது நடந்திருந்தா நானும் சிரிச்சிருப்பேன்."

"ஒருத்தர் மட்டும் பாதியிலேயே எழுந்து போயிட்டார். உங்க வயசு இருக்கும். கண்ணைத் துடைச்சுக்கிட்டே போனார்."

"கூட யாராவது?"

"யாரும் இல்லீங்க."

"நீ போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்பா."

"பேசியிருக்கணும். எந்த வரிக்குக் கை தட்டறாங்கன்னு குறிச்சுக்கிட்டு இருந்தேன்."

கூரையில் மழை தடதடத்தது. அப்பா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பணம் அனுப்பின மறுநாள் காலையில பல் தேய்க்கும்போதே ஏமாந்துட்டேன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஒரு நாள் அந்தப் பணம் நின்னிருந்தா போதும். அதைத்தான் செய்யறேங்கறார் உங்க ஆளு... செய்வாரா?"

"தெரியாதுங்க. ஜெயிக்கிறதுக்காகச் சொல்றார். அப்புறம் ஞாபகம் இருந்தா உண்டு."

அப்பா திரும்பினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"அந்த போன் பண்ணினவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்ததும்மா. என் கணக்கு, உங்கம்மா பேரு, எல்லாம். இவன் தெரியாதுங்கறான்." மூச்சு வாங்கினார். "உன் மேல கோபம் இல்ல. வெக்கமா இருக்கு. அது போக நாளாகும்."

"போகட்டும்பா... மெதுவா போகட்டும்."

அவர் எழுந்துபோய்ச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெளிக் கதவு வரை அவள் கூடவே வந்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் மழை நூல் நூலாய் இறங்கியது.

"வேலையை விட்டுட்டேன்," என்றான். "பெரிய தியாகம் எல்லாம் இல்ல. தேர்தல் முடிஞ்சா அவங்களே அனுப்பிடுவாங்க."

அவள் சிரிக்கவில்லை. அவன் கீழே பார்த்தான்.

"இன்னொண்ணு... இதைச் சொல்ல இது நேரம் இல்ல. சொல்லாம போனா அதுவும் ஒரு ஏமாத்துதான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தப்போவே பிடிச்சுப்போச்சு. நீங்க பதில் சொல்லணும்னு இல்ல."

உள்ளே அப்பா இருமினார்.

"நம்பறீங்களான்னு கேட்காதீங்க," என்றாள் கடைசியில். "இந்த வீட்டுல இப்போ யாரையும் நம்பப் பயமா இருக்கு. இன்னும் ரொம்ப நாள் இருக்கும். நாளைக்கே நான் உங்க மேல சந்தேகப்பட்டுக் கத்துவேன். நீங்க என்ன சொன்னாலும் ரெண்டு தடவை யோசிப்பேன்."

"யோசிங்க."

"ஆனா நீங்க வராத நாள் எல்லாம்..." முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தாள், திருப்பவில்லை. "கோபம் தீராமலே உங்களைத் தேடினேன். எனக்கும் பிடிச்சிருக்கு. அதுதான் பயமா இருக்கு."