பத்தில் ஒரு பங்கு

யுவராஜ் தோசைத் தட்டைத் தள்ளிவிட்டு, விரல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அடுப்படியில் அவன் மனைவி ஓவியாவுக்கு வழக்கமான காலை விறைப்பு வந்திருந்தது. தோசைத் திருப்பியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. அந்த வலியில் பத்தில் ஒரு பங்கு, சட்டப்படி, அவன் மணிக்கட்டிலிருந்த சாட்சிப்பட்டை வழியாக அவனுக்கும் போய்ச் சேர்ந்தது.

"இன்னைக்கு ரொம்பப் படுத்துது ஓவியா."

"செத்த நேரத்துல விட்டுருமுங்க" என்றாள், அடுத்த தோசையை ஊற்றியபடி.

மார்பகப் புற்றுநோய் திரும்பி வராமலிருக்க அவள் ஐந்து வருடம் விழுங்க வேண்டிய மாத்திரையின் வேலை அது. மூட்டு வலிக்கும், உடம்பு திடீரென்று கொதிக்கும். எவ்வளவு வலி என்று மருத்துவமனையில் கேட்டால் நம் பெண்கள் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது: "ஒண்ணுமில்லைங்க." இதை வைத்துக்கொண்டு எந்த விஞ்ஞானி என்ன ஆராய்ச்சி செய்வான்? ஆகவே நோயாளியின் தோலுக்கடியில் ஓர் உணர்சில்லு, வீட்டில் ஒருவர் கையில் சாட்சிப்பட்டை. சாட்சி சொல்வதே செல்லும். தாங்க முடியவில்லை என்று அவர் மூன்று முறை பதிந்தால் மாத்திரை நின்றுவிடும். ஒன்றுமே தெரியவில்லை என்றால் அளவு கூடும்.

யுவராஜ் கெட்டவனில்லை, அதுதான் கொடுமை. பட்டையைக் கட்டிய முதல் நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவன். அடுத்த வாரத்துக்குள் இரண்டு முறை பதிந்தும்விட்டான். இப்போது மூன்றாவது முறையாகப் பட்டையின் பொத்தானுக்கு விரல் போயிற்று.

"வேண்டாமுங்க" ஓவியா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். "மாத்திரை நின்னா அது திரும்ப வந்துரும். வலிச்சா வலிச்சுட்டுப் போகட்டும். நான் உசுரோட இருக்கோணும்."

"நீ கஷ்டப்படறத என்னால பார்க்க முடியல."

"பட்டை கட்டறதுக்கு முன்னாடி மூணு மாசமாப் பார்த்துட்டுதானுங்களே இருந்தீங்க?"

அவன் பொத்தானை அழுத்தினான்.

நாற்பது நாள் மாத்திரை இல்லை. ஓவியாவின் விரல்கள் நன்றாக மடங்கின. அவற்றைக் கொண்டு தினமும் குளியலறையில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று தடவித் தடவிப் பார்த்தாள். யுவராஜுக்கு இதெல்லாம் தெரியாது. பயத்தைக் கடத்தும் வசதி பட்டையில் இல்லை.

நாற்பத்தோராம் நாள் மருத்துவமனையில் கூப்பிட்டார்கள்.

"நல்ல சேதி" என்றார் டாக்டரம்மா. "ஊர்பூராவும் சாட்சிகள்கிட்ட இருந்து இதே புகார்தான். அதனால இந்த வலி, எரிச்சல் எதுவுமே தெரியாம இருக்க ஒரு மாத்திரை கண்டுபிடிச்சிருக்காங்க. பழைய மருந்தை இன்னைக்கே மறுபடி ஆரம்பிச்சுடலாம்."

ஓவியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கையை நீட்டினாள். டாக்டரம்மா மாத்திரை அட்டையை யுவராஜிடம் கொடுத்தார்.

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போட்டுக்குங்க சார். பட்டை கட்டினவங்களுக்கு மட்டும்தான் இது."

"எனக்குங்க டாக்டர்?"

"நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கலையேம்மா. பக்க விளைவு ஏதாவது வந்துட்டா?"

அடுத்த மாதம் பரிசோதனைக்கு வந்தபோது ஓவியாவுக்கு நாற்காலியில் உட்காரவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. டாக்டரம்மா விதிப்படி யுவராஜிடம் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

அவன் பத்து விரலையும் மடக்கி விரித்துக் காட்டினான்.

"ஒண்ணுமில்லைங்க."

"ரொம்ப நல்லது. அப்ப அளவை ரெண்டு மடங்காக்கிடலாம்."

ஓவியா இதுவரை எந்த மருத்துவமனையிலும் சொல்லாததை அன்று சொன்னாள். "வலிக்குதுங்க டாக்டர். ரொம்ப வலிக்குது. இந்த அளவே போதுமுங்க."

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். பட்டை காட்டிய வலி அதில் பூஜ்யமாக இருந்தது. பிறகு சாட்சியைப் பார்த்தார்.

யுவராஜ் மனைவியின் பக்கம் திரும்பினான். உண்மையாகவே அவனுக்கு ஆச்சரியம்.

"வலிக்குதா ஓவியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."