சிவந்த பெயர்

சோதனைக்காகக் கவிநிலா போட்டு வைத்தது இரண்டே இணைப்புகள்தான். மூன்றாவதாக ஒன்று அதே ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தது. பெயர் மணிவேல்.

அது அவள் வீட்டுக்காரன் பெயர். ஆபீஸில் யாராவது விளையாடுகிறார்கள் என்று நினைக்கவும் வழியில்லை. பௌர்ணமியென்று எல்லோரும் மத்தியானமே கிளம்பிவிட, வேங்கிக்கால் ஆபீஸ் மாடியில் அவள் ஒருத்திதான், மலை சுற்றப் போகும் கூட்டத்தின் இரைச்சலும் தள்ளுவண்டியில் கருகும் சோளத்தின் வாசனையும் ஜன்னல் வழியே ஏறிவர, பழைய கம்ப்யூட்டரிலிருந்ததைப் புதுசுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

இணைப்பு என்பது வெறும் கைகாட்டிப் பலகை. சாமான் வேறெங்கோ இருக்கும். சாமானை அழித்துவிட்டால் பலகையின் பெயர் சிவந்துவிடும். முதலிலேயே ஒரு சாமானை அழித்து அதைப் பார்த்துவிட்டாள். காப்பி எடுத்தால் பலகை மட்டும் வருமா, சாமானே வருமா, இதுதான் சோதனை. முதல் தடவை பலகை மட்டும் வந்தது. மறு தடவை, அது காட்டுகிற இடத்துக்கே போய் அசலை நகலெடுத்து வரச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். அந்த மூன்றாவதை எடுத்துப் போடச் சோம்பல். இருக்கட்டுமே என்று விட்டுவிட்டாள்.

மெஷின் நெடுநேரம் முனகியது. சூடேறிய டிஸ்க்கிலிருந்து மணிவேல் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் மணந்தது.

போன் அடித்தது. அடி அண்ணாமலையில் இருக்கும் வீட்டிலிருந்து மணிவேல்தான், குரல் தழைந்திருந்தது.

"நிலா, தோட்டத்துப் பக்கம் ஒருத்தன் நிக்கறான். என் லுங்கியதான் கட்டியிருக்கான். மூஞ்சியும் என்துதான்."

"என்னங்க, கதவத் தொறக்காதீங்க."

"உள்ள வந்துட்டான்."

பாத்திரங்கள் உருண்டன. அரிவாள்மனை தரையில் இழுபடும் சத்தம். தினமும் அவள் கேட்கிற சத்தம். பிறகு ஓர் அலறல். அதே குரலில் ஒரு முக்கல். எது யாருடையது? இரும்பு எலும்பில் இறங்கியது. மறுபடி. மறுபடி. தொண்டைக்குள் ரத்தம் கொப்பளித்தது.

நகலை அழிக்கப் போனாள். அனுமதி இல்லை என்றது திரை. மறுபடி அழுத்தினாள். அனுமதி இல்லை.

அமைதி.

"ஒண்ணுமில்ல நிலா," என்றான் மணிவேல். மூச்சு வாங்கவில்லை. பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். தரை தேய்க்கிற சத்தம். "முடிஞ்சிடுச்சி. நீ அங்கியே இரு. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

திரை ஒருமுறை இமைத்தது.

மணிவேல்.

சிவப்பு.