சமர்ரா காணாமல் போன காலை

"மேடம், என் ஊரைத் திருடிட்டாங்க!"

ஏரியூரில், ஓய்வு பெற்ற காவல் ஆய்வாளர் நிர்மலாதேவியின் வாசலில் மூச்சிரைக்க நின்றாள் ஜாஸ்மின். கல்லூரியில் வரலாறு நடத்துபவள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் காவேரி தோசைக்கரண்டியோடு ஓடிவந்தாள். துப்பு என்றால் காவேரிக்கு அடுப்பு நினைவே இருக்காது.

"எந்த ஊருங்க?"

"சமர்ரா."

"பென்னாகரத்துக்கு அந்தாண்டையா?" என்றாள் காவேரி.

ஜாஸ்மினுக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. தீர்த்தம்மாளின் கல்யாண மண்டபத்தில் அன்று கண்காட்சி. இஸ்லாமியப் பேரரசை ஆண்ட ஆதி கலீஃபாக்களின் தலைநகரங்களைக் களிமண்ணில் செய்து, ஒரு பெரிய பலகைமேல் வைத்திருந்தாள்: மதீனா, கூஃபா, டமாஸ்கஸ், பாக்தாத், சமர்ரா. தலைநகரம் மாற மாற, ஒரே ஒரு சின்னக் கொடியை ஊர் ஊராக நட்டுக்கொண்டே கதை சொல்வாள்.

"நேத்து ஒத்திகை பாத்தேன், மேடம். கேட்டது நாற்காலிங்கதான். கண்காட்சியில இன்னொரு மேசை போடற மாதவராஜ் சார் வெளிய தகடூர் சரித்திரப் படம் ஒட்டிட்டு இருந்தாரு. மைக்செட் முருகன் ஏணி மேல. மண்டபத்துக்காரம்மா உக்காந்தே தூங்கிட்டாங்க. அப்புறம் போட்டோவுக்காகக் கொடிய சமர்ரா மேல நட்டுட்டு வந்துட்டேன். காலைல போனா ஊரே இல்ல! நம்ம ஊர்ச் சரித்திரம் இருக்கறப்ப இதெதுக்குன்னு கேட்ட மாதவராஜ் சாரோட வேலைதான் இது. கண்காட்சியத் திறக்க விருந்தாளி வந்ததும் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு, மிச்சத்தையும் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன்."

"சொல்லிட்டா திரும்ப எடுக்க முடியாதும்மா. ஒரு நல்ல மனுஷன் பேரு கெட்டுப்போகும். பாத்துட்டுப் பேசலாம்," என்று செருப்பை மாட்டினார் நிர்மலாதேவி.

மண்டபத்தின் பின்னால் ஏரி நிறைந்து கிடந்தது. காவேரியும் கரண்டியோடவே வந்துவிட, மூவரும் பலகையருகே நின்றார்கள். நீங்களும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள், கண்ணுகளா. சமர்ரா இருந்த இடம் வெறுமையாக இருந்தது. ஒரு துளி மண் சிதறவில்லை. அந்த இடத்தில் மட்டும் பலகை ஈரமாக, மஞ்சளாக இருந்தது. கொடி பாக்தாத்தில் நின்றது.

"கொடிய நீ மாத்துனியா?"

"இல்லீங்க. நான் எதையும் தொடல."

விடியற்காலையில் மண்டபத்தைத் திறந்தவர் தீர்த்தம்மாள். பிறகு மாதவராஜும் முருகனும் வந்தார்கள். ஜாஸ்மின் கடைசி. நிர்மலாதேவி எல்லோரையும் பலகையைச் சுற்றி அழைத்தார்.

"ஊர் போனது போச்சு. விருந்தாளி வர்ற நேரம். கொடிய எங்கயாவது நடணுமே. சார், சொல்லுங்க."

மாதவராஜ் தாடையைத் தடவினார். "சமர்ராவோட ஆட்சியே முடிஞ்சிருக்கும். கொடிய எடுத்துடலாம்."

"முதல் ஊர்லயே வைங்க. எனக்கு ஒயர் இழுக்கற வேலை கெடக்கு," என்றார் முருகன்.

"அப்ப டமாஸ்கஸ்லயே இருக்கட்டும்," என்று கொடியைப் பிடுங்கி அங்கே நட்டார் நிர்மலாதேவி.

"அதெப்படிங்க!" தீர்த்தம்மாள் குரல் மண்டபத்தில் எதிரொலித்தது. ஊரில் பாதி நிலம் வைத்திருப்பவரின் குரல் அது. "அந்த ஊர வுட்டு எப்பவோ வந்தாச்சு. சமர்ராவ வுட்ட பொறவு பாக்தாத்துக்குத்தான திரும்பிப் போனாங்க!"

காவேரியின் கரண்டி கீழே விழுந்தது.

"கெடுக்க நினைக்கறவங்க மஞ்சத்தண்ணி தெளிக்க மாட்டாங்க," என்று மெதுவாகச் சொன்னார் நிர்மலாதேவி. "விரிசல் விட்ட மண் பொம்மைய வெச்சிருக்கக் கூடாதுன்னு தண்ணியில விடறது நம்ம பழக்கம். திருடனுக்குக் கொடியப் பத்தி என்ன கவலை? ஊர எடுத்தவங்க கொடிய எங்க நடணும்னு தெரிஞ்சு நட்டிருக்காங்க. அந்த நெனப்பு கதையக் கேட்டவங்களுக்குத்தான் வரும். கேட்டது யாருன்னு தெரியத்தான் தப்பா நட்டேன். சேலைக் கரை இன்னும் காயலீங்களே, அம்மா."

தீர்த்தம்மாள் ஈரக் கரையை இழுத்துச் செருகினார். தலை மட்டும் குனியவில்லை.

"ஆமா, நாந்தான். கிட்டப் போய்ப் பாத்தேன். முந்தானை பட்டு அந்தச் சுத்திச் சுத்திப் படி ஏறுற கோபுரம் ஒடைஞ்சு போச்சு. ஒடைஞ்சத வர்றவங்க கண்ணுல காட்டலாமா? ஏரியில வுட்டேன். சொல்ல வாய் வரல. எம்மண்டபத்துல நானே ஒடைச்சேன்னா நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

"நீங்க தூங்கிட்டுத்தான இருந்தீங்க?" ஜாஸ்மினின் குரல் உடைந்தது.

"கண்ண மூடுனா காதும் மூடிக்குமா? அத்தனை பெரிய ஊரக் கட்டி, அதையும் வுட்டுட்டுப் போனாங்கன்னு நீ சொன்னப்புறம் எனக்கு ராத்திரி பூரா தூக்கம் வரல, புள்ள. விடிஞ்சதும் அந்த ஊரக் கிட்டப் பாக்கணும்னு ஓடியாந்தேன்."

ஜாஸ்மின் மாதவராஜைப் பார்த்தாள். "சார், உங்களத் தப்பா நெனச்சுட்டேன்."

"பரவால்லம்மா. தகடூரும் ஒரு காலத்துல தலைநகரந்தான். எம்மேசைய உன் பக்கத்துலயே போட்டுக்கறேன்."

வாசலில் விருந்தாளியின் கார் வந்து நின்றது. புதிதாகக் களிமண் பிசைய நேரமில்லை. ஜாஸ்மின் வெற்றிடத்தை மறைக்கவும் இல்லை. மதீனாவில் தொடங்கிப் பாக்தாத் வரை சொன்னவள், அங்கே நிறுத்திக் கொடியைத் தீர்த்தம்மாளிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கிச் சேலையில் துடைத்தார். மஞ்சள் காயாத இடத்தில் கொடியை ஊன்றிப் பிடித்துக்கொண்டு, விருந்தாளியை நேராகப் பார்த்தார்.

"இங்க ஒரு ஊரு இருந்துச்சுங்க," என்று ஆரம்பித்தார்.