மூச்சு விட ஒரு ஸ்டாப்

வேனின் சக்கரம் தரையிலேயே படவில்லை. நாலு பக்கமும் செங்கல் அடுக்கித் தூக்கி நிறுத்தி, பேட்டரியைக் கழற்றிப் பழைய பாயில் சுற்றி மூலையில் வைத்திருந்தார்கள். அப்படியும் மீட்டர் முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர் கூடியிருந்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முப்பத்துநாலு வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். தன் பெயரைத் தப்பாகச் சொன்னாலும் சொல்வார், மீட்டரைத் தப்பாகப் படிக்க மாட்டார். மனைவி போனதிலிருந்து தினம் காலையில் ஷெட்டைத் திறந்து, அவள் கடைசியாக ஓட்டி நிறுத்திய எண்ணைப் படித்து நோட்டில் எழுதிவிட்டுத்தான் பல் துலக்குவார். பதின்மூன்று மாதமாக 84,210. இன்று 84,520.

"எலியா இருக்கும்பா. ஒயரைக் கடிச்சிருக்கும்," என்றாள் மகள் போனில்.

"முந்நூத்திப் பத்து கிலோமீட்டர் ஓடுற எலியா கண்ணு? அதுக்கு லைசென்ஸ் யாரு குடுத்தது?"

"சாப்பிட்டீங்களா?"

அவர் என்ன சொன்னாலும் மகள் கடைசியில் வந்து நிற்கிற இடம் அதுதான்.

லைசென்ஸ் என்றதும் அவருக்கு மனைவியின் ஞாபகம் வந்தது. அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள்; மீதிப் பாதிப் பேர் அவள் மாணவர்களைக் கண்டதும் நடைபாதையில் ஏறி உயிர் பிழைத்தார்கள். எல்லாருக்கும் அவள் 'மாஸ்டர்', புருஷனுக்கும்தான். லட்சம் பஸ்களை வழியனுப்பிய இவருக்கோ ஒரு சைக்கிள் ஓட்டத் தெரியாது. அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ரிட்டயர் ஆனதும் வேனை ரயிலில் வடக்கே அனுப்பி, அங்கிருந்து இமயமலை உள்பள்ளத்தாக்குகளுக்கு ஓட்டிப் போவது. வருஷத்தில் நாலு மாதம் மட்டுமே திறக்கிற ரோடு. அவள் ஓட்டுவாள், இவர் அட்டவணை போடுவார்.

மூன்று வருஷம் போட்டார். மலையே வந்து இவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நகர வேண்டும், அப்படி ஒரு அட்டவணை. அதற்குள் அவளுக்கு இளைப்பு வந்துவிட்டது.

"போகலாம். ஆனா மேலே ஏற ஏற அங்கங்கே ரெண்டு நாள் தங்கணும். நுரையீரல் அந்தக் காத்துக்குப் பழகணும்," என்றார் டாக்டர். அவள் தன் உருண்டைக் கையெழுத்தில் அட்டவணை நெடுக எழுதிவைத்தாள்: ஓய்வு இரண்டு நாள். டீக்கு அரை மணி. சும்மா நிற்க.

நிற்கிற வண்டி என்றால் அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி. டிப்போவில் சிவப்பு பென்சிலால் ஓய்வு நேரத்தை அடித்தே பெயர் வாங்கியவர். உட்கார்ந்தார், அடித்தார். பெரிய கணவாய்க்கு அப்புறம் இறக்கம்தானே, வண்டி தானாக வரும் என்று மிச்சமிருந்த வரிகளையும் அடித்து 'நேர் ஓட்டம்' என்று எழுதினார். பதினெட்டு நாள் ஒன்பது நாளாயிற்று.

அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மூச்சு விடவாவது ஒரு ஸ்டாப் குடுங்க சார்."

"ஓட்டிக்கிட்டே விடு மாஸ்டர். யாரு வேணாங்கறது?"

"சரி. நீங்க எழுதினா எழுதினதுதான்." ஓட்டுநர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்தான தாளை வழியில் மாற்றக்கூடாது, அது டிப்போ சட்டம்.

கிளம்ப இருபது நாள் இருக்கும்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாயைத் திறந்து காற்றைத் தேடித் தேடி அவள் போனாள். 'ஓட்டிக்கிட்டே விடு' என்று தான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாடிக்குப் போய் அட்டவணையை எடுத்தார். முதல் நாள், முந்நூற்றுப் பத்து கிலோமீட்டர். தேதி நேற்றைய தேதி. வருஷம் போட மறந்திருந்தார்.

மறுநாள் இருநூற்று அறுபத்தைந்து கூடியிருந்தது. அட்டவணையில் இருந்தபடியே, ஒரு கிலோமீட்டர் பிசகாமல். டயரில் இந்த ஊரில் இல்லாத சாம்பல் நிறச் சேறு. நாலாம் நாள் கதவைத் திறந்ததும் மரப்பிசின் வாசனை, குளிர்ந்த கல்லின் வாசனை, தூரத்தில் ஆறு ஓடுகிற வாசனை.

அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, அவளுடைய ஸ்வெட்டரை எடுத்துப்போய் டிரைவர் சீட்டில் மடித்துவைத்தார். "குளிரும், போட்டுக்கோ," என்றார் காலி சீட்டைப் பார்த்து. காலையில் ஸ்வெட்டர் பிரிந்து சீட்டின்மேல் நிமிர்ந்திருந்தது. பட்டன்கள் கழுத்துவரை போட்டிருந்தன. மார்புப் பக்கம் லேசாக உப்பியிருந்தது.

ஆறாம் நாள் அந்தச் சத்தம் கேட்டது. எஞ்சின் பக்கமில்லை, சீட்டுப் பக்கம். கெட்டில் கொதிக்க ஆரம்பிக்கும் முன் வருகிற மெல்லிய விசில். அது நிற்கும், மறுபடி இழுக்கும். பதின்மூன்று மாதமாக அவர் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம்.

அட்டவணையில் அந்த இடத்தைத் தேடினார். ஓய்வு இரண்டு நாள். அதன்மேல் சிவப்புக் கோடு.

அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. ரப்பரை எடுத்துத் தேய்த்தார். தாள் கிழிகிற அளவுக்குத் தேய்த்தும் கோடு அப்படியே இருந்தது. ஓரத்தில் புதிதாக எழுதினார்: இங்கே நில். மாஸ்டர், நில். தாளை வேனுக்குள் ஒட்டினார். புது இன்ஹேலரைப் பக்கத்தில் வைத்தார்.

காலையில் நூற்றுப் பதினெட்டு கூடியிருந்தது. இன்ஹேலர் காலி.

எட்டாம் நாள் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாக உறைந்திருந்தது. விசில் நீண்டு, மெலிந்து, நூலாக வந்தது. நாளைக்குப் பெரிய கணவாய். உச்சி, மதியம் மூன்று நாற்பது. நிறுத்தம் இல்லை.

"அப்பா, குரல் என்னமோ மாதிரி இருக்கு. நாளைக்கு மூணே முக்காலுக்குக் கூப்பிடறேன், எடுங்க," என்றாள் மகள்.

"நாளைக்கு அம்மாகூட வெளியே போறேன் கண்ணு."

அவர் போனை வைத்தார்.

ஒன்பதாம் நாள் மூன்றரைக்கு, வேனில் ஒட்டியிருந்த அட்டவணையை உரித்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். வெளியே சுள்ளென்று வெயில். தெருவில் யாரோ பந்து விளையாடினார்கள். கதவைச் சாத்தினார். பந்துச் சத்தம் நின்றுபோனது.

ஸ்வெட்டர் மேலே எழும்பியது. இறங்கியது.

"நிறுத்து மாஸ்டர். நான்தான் சொல்றேன். தப்பா எழுதிட்டேன்."

எழும்பியது. இழுத்தது. விசில்.

"இனி அடிக்க மாட்டேன். எத்தனை நாள் வேணும்னாலும் நில்லு."

கியர்க் கம்பியில் வைத்த கை மரத்தது. அதன்மேல் இன்னொரு குளிர். அஞ்சு விரல். அவருக்குத் தெரிந்த விரல்.

மூன்று முப்பத்தெட்டு.

விசில் ஒரு தரம். நீளமாக.

மூன்று நாற்பது. ஸ்வெட்டர் இறங்கியது. எழும்பவில்லை.

அவர் காத்திருந்தார். எழும்பவில்லை.

ஆனால் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எண்ணாக உருண்டது. பிறகு இரண்டிரண்டாக. இறக்கம். வயிறு முன்னால் சரிந்தது. கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. மாடியில் போன் அடித்தது. மூணே முக்கால். மகள். அடித்து அடித்து ஓய்ந்தது.

எதிர்க் கண்ணாடியின் உறைபனியில் ஒரு விரல் நகர்ந்தது. மெதுவாக. உருண்டைக் கையெழுத்து.

அடுத்த ஸ்டாப் எங்கே சார்?

மடியிலிருந்த தாளைப் பார்த்தார். அடிவரை சிவப்பு.